அமலி போட்ட கடைசி வரி

எங்கள் ஊரில் அறிவிப்புகளைக் கடைசியிலிருந்துதான் படிப்பார்கள். புயல், நில அதிர்வு, கடல் கொந்தளிப்பு என்று எது வந்தாலும் சரி, முதலில் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே அடிவரைக்கும் போவார்கள். அங்கே அந்த வரி இருந்தால் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்த வரியை எழுதியவள் நான்.

என் பெயர் லூர்து அமலி கர்டோசா. கடலோர நிலவியல் ஆய்வு மையத்தில் இருபத்திரண்டு வருடமாக மக்கள் தொடர்பு அதிகாரி. விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் விஞ்ஞானிகள் பக்கத்து அறை விஞ்ஞானிக்கே புரியாமல் பேசக்கூடியவர்கள். அதனால் எனக்கு வேலை போகும் என்ற பயம் ஒருநாளும் இருந்ததில்லை.

சேர்ந்த முதல் வருடம், கடலடியில் லேசான அதிர்வு பதிவாகியிருக்கிறது என்று ஒரு அறிவிப்பு எழுதி அனுப்பினேன். உண்மைதான். அடுக்கி வைத்த பாத்திரம்கூட உருளாத அதிர்வு. ஆனால் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். நெரிசலில் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருத்தி கைக்குழந்தைக்காரி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த கையோடு உட்கார்ந்து எழுதியதுதான் அந்த வரி. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை, ஆய்வுகள் தொடர்கின்றன.

அதற்குப் பிறகு ஆயிரத்து நூற்று நாற்பது அறிவிப்புகள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றின் அடியிலும் அந்த வரி இருக்கும். மேலே ஏழு மீட்டர் அலை, நூற்று இருபது கிலோமீட்டர் காற்று என்று விஞ்ஞானிகள் பாட்டுக்கு மிரட்டியிருப்பார்கள். அடியில் நான் தட்டிக்கொடுத்திருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. என் சொந்த ஊரான மணல்துறையில், "நம்ம அமலி போட்டுட்டா, வலையப் பாருங்கல" என்று சொல்லிக்கொள்வார்களாம். என் தங்கை ரோஸ்லின் அதைப் போனில் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அதை மறைப்பானேன்.

இந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முனைவர் சுடலைமுத்து என் அறைக்கு வந்தார். மண் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். நிலச்செவி அவர் பெற்ற பிள்ளை. கடற்கரை நெடுக ஆழமாகக் குழாய்களை இறக்கி, மண் நெரிகிற சத்தத்தைக் கேட்கிற ஏற்பாடு அது. பதினாறு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுதார். "கேட்டுட்டு இருக்கோம் மேடம்" என்பதைத் தவிர அவரிடமிருந்து நான் வேறு செய்தி வாங்கியதே இல்லை. அன்றைக்கு உட்காராமலே பேசினார்.

"மேடம், மணல்துறைதான ஒங்க ஊரு?"

"ஆமா சார். ஏன்?"

"ஞாயித்துக்கெழம அது இருக்காது."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நாப்பது வருசமா எறால் பண்ணைக்காரன் அடித்தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டான். அடியில களிமண்ணு காஞ்சி சுருங்கிப் போச்சி. ஊருக்கும் கடலுக்கும் நடுவுல நிக்குதுல்லா மணல்மேடு, அது இப்ப பிடிமானம் இல்லாம நிக்கி. அமாவாசக்கி கடல் பொங்கி ஓதம் ஏறும்போது மேடு இறங்கிரும். மேட்டோட சேந்து ஊரும் இறங்கும். ஒம்பது அடித் தண்ணி வரும். ஓடதுக்கு நேரம் இருக்காது."

"நேரம் எதாவது தெரியுமா சார்?"

"காலைல ஒம்பதே முக்கால். முன்னபின்ன இருவது நிமிசம்."

"அவ்வளவு துல்லியமாவா?"

"உலகத்துலயே மொத தடவையா மண்ணு இன்ன நேரத்துல விழும்னு ஒருத்தன் சொல்லுதான். பெருமைப்படக்கூட முடியல மேடம்." கதவுப் பக்கம் திரும்பினார். "சீக்கிரமா எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். படகு அத்தனையும் கரையில் இருக்கும், ஊர் மொத்தமும் வீட்டில் இருக்கும். அதிலும் வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிப் பூசையில் பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். ரோஸ்லினின் ஒரே மகள் ஆக்னஸ் அதில் ஒருத்தி. பத்து வயது. மாதா கோவில் மணல்மேட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

இயக்குநர் முனைவர் அகிலாண்டேஸ்வரி கணக்குகளை ஒன்றரை நாள் சரிபார்த்தார். புதன் மாலையில் சரி என்றார். நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "கடைசி வரி எங்கே அமலி?" என்று கேட்டார்.

"இதுக்கு அது வேண்டாம் மேடம். இந்தத் தடவை ஜனங்க பயந்துதான் ஆகணும்."

நல்ல மனுஷிதான். "சரி, அனுப்புங்க" என்றார்.

வியாழன் காலை அனுப்பினேன். மணல்துறையில் இருப்பவர்கள் அனைவரும் சனிக்கிழமைக்குள் ஊரைக் காலி செய்துவிட்டு நெடுஞ்சாலைக்கு மேற்கே செல்லவும். ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு ஊர் கடலில் இறங்கும். இவ்வளவுதான். என் வாழ்நாளில் இத்தனை சுத்தமாக எழுதியதில்லை. அடுத்த நிமிடமே திரையில் சிவப்புக் குறி விழுந்தது. இது போலிச் செய்தி. லூர்து அமலி கர்டோசாவின் நடையோடு பொருத்தம் முப்பத்தொரு சதவீதம்.

குறி போட்டது மெய்யறி, போலிச் செய்தியைப் பிடிக்கிற செயலி. இப்போது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. அது பச்சை காட்டினால்தான் ஒரு அறிவிப்பு ஜனங்களுக்குப் போகும். சிவப்பு விழுந்தால், இன்னார் பெயரில் இன்ன போலி உலவுகிறது என்ற எச்சரிக்கை மட்டும் போகும். நான் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். சின்னப் பையன் குரல் ஒன்று எடுத்தது.

"தம்பி, அது நான்தான்பா. நான் எழுதினதுதான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்."

"என் கடவுச்சொல், கைரேகை, முகம் எல்லாம் இருக்கே?"

"அதெல்லாம் எட்டு வருஷம் முன்னாடியே திருடு போயிடுச்சு மேடம். ஒரு பெரிய அதிகாரியோட முகத்தை வச்சே பொய் சுனாமி அறிவிப்பு விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம்தான் எழுத்து நடையை மட்டும் நம்பறதுன்னு முடிவாச்சு. முகத்தைத் திருடலாம், நடையைத் திருட முடியாது."

"சரி, என் நடைக்கு இப்ப என்ன வந்துச்சு?"

"உங்க ஆயிரத்து நூத்தி நாப்பது அறிக்கையிலும் ஒரு கடைசி வரி இருக்கு. இதுல அது இல்ல. எங்களுக்கு அமலி மேடம்தான் முக்கியம். நீங்க இல்ல." அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

அதற்குள் ரோஸ்லின் அழைத்துவிட்டாள்.

"எக்கா, ஒன் பேர்ல எவனோ மணல்துறை முங்கப் போவுதுன்னு போலி விட்டுருக்கானாம்! ஊரே சிரிக்கி."

"போலி இல்லட்டி. நான்தான் எழுதுனேன்."

"நம்ம வீட்டு நாய்க்கு அப்பா என்ன பேரு வச்சாவ?" என்று கேட்டாள். குரல் திருடர்கள் பெருத்துப்போன இந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி உண்டு.

"கப்பித்தான். ரோஸ், சொல்லுதத கேளு. ஆக்னஸக் கூட்டிட்டு இன்னைக்கே கெளம்பி வா."

"எக்கா, செவப்பு விழுந்துருக்கு. நான் இத வெளிய சொன்னா என்னையும் போலிங்காவ. பச்ச வரட்டும். பச்ச வந்த நிமிசம் கெளம்புதேன், மாதா மேல சத்தியமா."

வெள்ளிக்கிழமை முழுவதும் நானும் சுடலைமுத்துவும் என் மேசையில் உட்கார்ந்து அந்தப் பச்சைக்காகப் போராடினோம். ஊர் கடலில் இறங்கும் என்பதை, கடல்நீர் உட்புகும் வாய்ப்புகள் காணப்படுகின்றன என்று மாற்றினேன். பொருத்தம் நாற்பது. காலி செய்யவும் என்பதை, பாதுகாப்பான இடங்களுக்கு இடம்பெயர்வது குறித்துப் பரிசீலிக்கலாம் என்று ஆக்கினேன். ஐம்பத்திரண்டு. நான் இத்தனை வருடம் என்ன மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மாற்றி மாற்றி எழுதி ஐம்பத்தெட்டில் வந்து முட்டி நின்றது. பச்சைக்குத் தொண்ணூறு வேண்டும்.

சாப்பாட்டு நேரம் போன பிறகு சுடலைமுத்து சொன்னார்: "மேடம், மொதல்ல எழுதுனத அப்படியே வையுங்க. ஒரு எழுத்த மாத்தாதீங்க. அடியில அந்த வரிய மட்டும் போட்டுப் பாப்போம்."

போட்டேன். தொண்ணூற்று நான்கு. பச்சை.

மெய்யறி மேலே எழுதியிருந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. அதுவும் எங்கள் ஊர்க்காரர்களைப் போலத்தான் படிக்கிறது.

"விவரம் பூரா இருக்குல்லா?" என்று கேட்டார் சுடலைமுத்து. "தேதி இருக்கு, நேரம் இருக்கு, காலி பண்ணச் சொல்லிருக்கு. படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான்லா?"

"படிப்பாங்க சார்" என்றேன். பச்சை வந்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அனுப்பும் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

மாலையில் பேரிடர் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். "மேடம், உங்க அறிக்கை பாத்தோம். வழக்கம்போல நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நீங்களே அச்சப்படத் தேவையில்லைன்னு போட்டுட்டா, நாங்க எதைக் காட்டி வண்டி அனுப்பறது?" நான் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுத்தில் அனுப்புங்கள் என்றார். எழுத்தில் அனுப்பினால் சிவப்பு விழுந்தது. பச்சை விழ வேண்டும் என்றால் மறுபடியும் அந்த வரி வேண்டும். ரோஸ்லின் கிளம்பினாளா என்று கேட்க எடுத்தால், அவள் போன் எந்நேரமும் பேச்சிலேயே இருந்தது. விசேஷ வீடு.

சனிக்கிழமை காலை சுடலைமுத்துவும் நானும் காரில் மணல்துறைக்குப் போனோம். ஊருக்குள் நுழையும்போதே தெருவெங்கும் காகிதத் தோரணம். அவரைக் கடற்கரைப் பக்கம் இறக்கிவிட்டு நான் தங்கை வீட்டுக்குப் போனேன். ரோஸ்லின் கூடத்தில் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் பூமுடியைத் தலையில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பச்ச வந்துட்டுல்லா? ஏன் இன்னும் கெளம்பல?" என்று கேட்டேன். வா என்றுகூட அவள் சொல்லி முடிக்கவில்லை.

"வந்துது. ரெண்டு தடவ படிச்சேன். ஒனக்காகத்தான் படிச்சேன்." கைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "கடைசில என்ன போட்டுருக்க?"

"அது மெய்யறிக்காகப் போட்டது, ரோஸ். அது இல்லன்னா பச்ச விழாது. மேல இருக்கதுதான் நெசம்."

"மேல எப்பவும் இப்படித்தான இருக்கும்? போன வருசம் ஏழு மீட்டர் அலைன்னு இருந்துது. அதுக்கு முந்துன வருசம் ஊரே பறக்கும்னு இருந்துது. அடியில நீ போட்டுருந்த. நாங்க இருந்தோம். ஒண்ணும் ஆவல."

"அதெல்லாம் வேற. இந்தத் தடவ அந்த வரி பொய்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கோபமாக இல்லை, குழம்பித்தான் இருந்தாள். "அப்ப இதுக்கு முந்தி எழுதுனது எல்லாம்? இருவத்திரெண்டு வருசமா அந்த வரியப் பாத்துட்டுதானக்கா நாங்க படுத்தோம்."

எனக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை அவள் கிளம்பியிருப்பாள். நான் வாயடைத்து நின்றதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு வேலைச்சுமையில் மனசு சரியில்லை என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் வந்து என் முதுகைத் தடவினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு ஆக்னஸைப் பிடித்து இழுத்தேன். பூமுடி கீழே விழுந்து பிள்ளை அழுதது. சத்தம் கேட்டு ரோஸ்லின் புருஷன் வந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் என் அறிவிப்பு பச்சையாக இருந்தது. "நீயே எழுதிட்டு நீயே வந்து கத்துதியேம்மா, நல்ல நாள் அதுவுமா" என்று ஒருவர் கேட்டார். கோவிலின் பங்குச் சாமியார் என்னைத் தனியே அழைத்து, நன்றாகத் தூங்கி எழும்படி சொன்னார். ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலைல பூசைக்கு வந்துரு, எக்கா. நீதான் அவளுக்கு முடி வச்சுவிடணும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

சுடலைமுத்துவைத் தேடிக் கரைக்குப் போனேன். ஐஸ் கம்பெனி வாசலில் ஒடிசாவிலிருந்து வந்த கூலியாட்கள் முன்னால் நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஒடியா தெரியாது. ஒரு உள்ளங்கையை விரித்துக் காட்டிக் கீழே இறக்கினார். மற்றக் கையை அதன்மேல் அலையாக ஓட்டினார். பிறகு மேற்கே விரலை நீட்டினார். மறுபடியும் முதலிலிருந்து. வேர்த்து வழிந்தது.

"வாங்க சார், போவோம். யாரும் கேக்கப் போறதில்ல."

"நீங்க போங்க மேடம். பதினாறு வருசமா மண்ணு பேசுததக் கேட்டேன். நான் பேசுதத ஒருத்தனாவது கேக்கட்டுமே. காலைல எட்டு மணிக்கு நடந்து நெடுஞ்சாலைக்கு வந்துருதேன்."

நான் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. இயக்குநர் மூலமாக மேலிடத்தில் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. அவரும் பேசினார். எங்கே போனாலும் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

ஞாயிறு காலை, பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டாவது வந்துவிடுவது என்று காரை எடுத்தேன். ஒன்பதரைக்கு, நெடுஞ்சாலையிலிருந்து மணல்துறைக்குப் பிரியும் விலக்கில் ஒரு கூட்டம் தலையில் மூட்டையோடு எதிரே நடந்து வந்தது. ஒடிசாக்காரர்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு பேர். முன்னால் வந்தவன் என் காரை மறித்து, உள்ளங்கையை விரித்து இறக்கி, மற்றக் கையை அதன்மேல் ஓட்டிக் காட்டினான். சுடலைமுத்து எங்கே என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. ஊர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

நான் ஓட்டிக்கொண்டே போனேன். கோவில் மணிச் சத்தம் கேட்டது. பிறகு வண்டி தானாக ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. நிறுத்தி இறங்கினேன். மணிச் சத்தம் நின்றுபோயிருந்தது. சாலை கொஞ்ச தூரம் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. சார் ஏழு நிமிடம்தான் பிசகியிருந்தார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ரோஸ்லினும் அவள் புருஷனும் நான்காம் நாள் கிடைத்தார்கள். ஆக்னஸும் சுடலைமுத்துவும் கிடைக்கவே இல்லை.

விசாரணைக் குழு என்னை ஒரு முறைதான் அழைத்தது. அறிவிப்பு உரிய காலத்தில், இடம், நாள், நேரம் உட்பட முழு விவரங்களுடன், மக்களிடையே பதற்றம் ஏற்படாத வகையில் வெளியிடப்பட்டுள்ளது என்று அறிக்கையில் எழுதினார்கள். மையத்தின் மேல் ஒரு குறையும் இல்லையாம். மற்ற துறைகளும் இதை மாதிரியாகக் கொள்ளலாம் என்று ஒரு பரிந்துரையும் உண்டு.

நிலச்செவி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுடலைமுத்துவின் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நேற்று என் அறைக்கு வந்தாள். அவளும் உட்காரவில்லை. அதே களிமண் தெற்கே இன்னும் ஆறு ஊர்களுக்கு அடியில் இருக்கிறது. முதலாவது சங்குமுனை. வருகிற அமாவாசை, காலை பத்தே கால்.

அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். இது அறிவிப்பு இல்லை, கெஞ்சல். ஆறு ஊர்க்காரர்களுக்கும் அனுப்பப் பார்த்தேன். சிவப்பு. பொருத்தம் இருபத்திரண்டு சதவீதம். என்ன சேர்த்தால் பச்சை வரும் என்று எனக்குத் தெரியும். செத்தாலும் சேர்க்கமாட்டேன் என்று நேற்று முழுக்க இருந்தேன். சேர்க்காவிட்டால் இது ஒருவருக்கும் போகாது.

சங்குமுனைக்காரர்களே, உங்கள் காலில் விழுகிறேன். மேலே இருப்பதைப் படியுங்கள். இந்த இடத்தோடு நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். இதற்குக் கீழே உள்ளதைப் படிக்காதீர்கள்.

பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை, ஆய்வுகள் தொடர்கின்றன.